ஒன்பது லட்சம் சந்தேகங்கள்

வெள்ளைக் குள்ளன் விண்மீன்களின் மிகப் பெரிய பட்டியல்களில் ஒன்று 2021இல் வெளியானது. கையா விண்கலத்தின் அளவுகளிலிருந்து ஜென்டில் ஃபுசில்லோ தலைமையிலான குழு தொகுத்தது. மொத்தம் 12,80,266 வரிகள். காசு கிடையாது, அனுமதி கேட்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். எனக்குச் சோறு போடுவது தரவுத்தள வேலை. பெரிய அட்டவணை எங்காவது இலவசமாகக் கிடக்கிறது என்று தெரிந்தால் கை சும்மா இருக்காது. இறக்கிவிட்டேன்.

அதில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரே ஒரு நெடுவரிசை. ஒவ்வொரு பொருளுக்கும் 0 முதல் 1 வரை ஓர் எண் போட்டிருக்கிறார்கள்: இது உண்மையிலேயே வெள்ளைக் குள்ளனாக இருப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று. 0.75க்கு மேல் வாங்கியவை 3,59,073. அவற்றைத்தான் நம்பகமானவை என்று எண்ணிக்கையில் சேர்க்கிறார்கள். மீதி ஒன்பது லட்சத்துச் சொச்சமும் அதே கோப்பில், மரியாதையாக, தங்கள் குறைந்த மதிப்பெண்ணோடு உட்கார்ந்திருக்கின்றன.

எங்கள் தொழிலில் இப்படி ஒரு கோப்பு வந்தால் முதல் வேலை அந்த ஒன்பது லட்சத்தைத் துடைத்தெறிவதுதான். வானியலாளர்கள் ஏன் துடைக்கவில்லை என்று தேடப் போய், வாசிப்பு நூறு வருடம் பின்னால் இழுத்துக்கொண்டு போனது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் வெள்ளைக் குள்ளன் என்றாலே சந்திரசேகர் கதைதான்: 1930, இங்கிலாந்துக்குக் கப்பல் பயணம், போகிற வழியில் இவற்றின் எடைக்குக் கணக்குப் போட்டுக் கண்ட வரம்பு. நல்ல கதைதான், போதுமான அளவு எழுதியாகிவிட்டது. நான் எழுத வந்தது வேறு: இவற்றை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து எண்ணியவர்களின் பாடு.

சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் எரிபொருளைத் தீர்த்து, செம்பெருமீனாக ஊதி, மேலுறையை உதறிய பிறகு எஞ்சும் உள்ளகம்தான் வெள்ளைக் குள்ளன். பூமியளவு உருவம், சூரியனில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலான எடை. பிறக்கும்போது ஒரு லட்சம் கெல்வினுக்கு மேல் கொதிக்கும். உள்ளே அடுப்பு அணைந்துவிட்டதால் அதன்பின் ஆறுவது ஒன்றுதான் வேலை. சூடு அதிகமாக இருக்கும்போது வேகமாக ஆறும். சராசரி எடையுள்ள ஒன்று 30,000 கெல்வினுக்கு இறங்க ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டு போதும். அங்கிருந்து 10,000க்கு இறங்க அறுபது, எழுபது கோடி ஆண்டு பிடிக்கும். அதனால் வானத்தில் எந்தக் கணத்தில் எட்டிப் பார்த்தாலும் ஆறிப்போனவைதான் கூட்டமாக இருக்கும். கொதிநிலையில் இருப்பவை அபூர்வம். அபூர்வம் மட்டுமில்லை, மங்கல் வேறு. எவ்வளவு சூடாக இருந்தாலும் பூமியளவு பரப்பிலிருந்து எவ்வளவு வெளிச்சம்தான் வரும்?

இப்படி ஒரு பொருள் இருக்கிறது என்பதே முதலில் ஒரு பட்டியலின் உறுத்தலாகத்தான் தெரியவந்தது. 1910இல் வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் ஹார்வர்டு ஆய்வகத்துக்குப் போயிருந்தார். தூரம் தெரிந்த விண்மீன்களின் நிறமாலை (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டை) வகைகளைத் திரட்டும் வேலை. மங்கலானவை எல்லாம் சிவப்பு என்ற ஒழுங்கு அவருக்குப் பிடிபடத் தொடங்கியிருந்தது. பேச்சோடு பேச்சாக 40 எரிடானி என்ற விண்மீனின் மங்கலான துணையைப் பற்றிக் கேட்டார். ஆய்வகத் தலைவர் பிக்கரிங் தொலைபேசியை எடுத்து வில்லியமினா ஃபிளெமிங்கின் அறைக்குச் சொன்னார். ஸ்காட்லாந்திலிருந்து வந்து, பிக்கரிங் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்து, பிறகு பல்லாயிரம் விண்மீன்களின் நிறமாலையை வகைப்படுத்தியவர் ஃபிளெமிங். கண்ணாடித் தகடுகளைப் புரட்டிவிட்டுச் சற்று நேரத்தில் பதில் சொன்னார்: ஏ வகை. அதாவது சூடான வெள்ளை விண்மீன். அவ்வளவு மங்கலான ஒன்று அவ்வளவு சூடாக இருக்கவே கூடாது. ரஸ்ஸல் திகைத்துப்போக, இப்படிப்பட்ட விலக்குகள்தான் நம் அறிவை நகர்த்தும் என்ற பொருளில் பிக்கரிங் ஏதோ சொன்னதாக ரஸ்ஸல் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த 40 எரிடானி பி நம்மிடமிருந்து 16 ஒளியாண்டு தூரத்தில்தான் இருக்கிறது. ‘வெள்ளைக் குள்ளன்’ என்று பெயர் வைத்தது வில்லம் லைட்டன், 1922இல்.

லைட்டனிடம் ஒரு பிடிவாதமான வழி இருந்தது. பக்கத்தில் இருக்கும் விண்மீன் பல வருட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களில் கொஞ்சம் நகர்ந்திருக்கும். மங்கலாக இருந்து வேகமாகவும் நகர்ந்தால் அது பக்கத்தில் இருக்கும் சின்ன விண்மீன். நிறமும் வெளுத்திருந்தால் வெள்ளைக் குள்ளன். வாழ்நாள் முழுக்கத் தகடுகளை ஒப்பிட்டார். டென்னிஸ் ஆடும்போது அடிபட்டு 1925லேயே ஒரு கண்ணை இழந்தவர், மீதி வேலையெல்லாம் ஒற்றைக் கண்ணால்.

ஆனால் இந்த வழி மிகச் சூடானவற்றுக்குச் சரிப்படாது. அபூர்வமான பொருளைத் தேட தூரம் போயாக வேண்டும். தூரத்தில் இருப்பது நகர்வது தெரியாது. அப்போது நிறம் ஒன்றுதான் துணை.

நிறத்தை வைத்துத் தேடியவர்களில் முன்னோடிகள் ஹ்யூமசனும் ஸ்விக்கியும். மில்டன் ஹ்யூமசன் வில்சன் மலையில் ஆய்வகம் கட்டும்போது கோவேறு கழுதை ஓட்டிச் சாமான் ஏற்றியவர். பிறகு அங்கேயே துப்புரவு வேலை. பிறகு உலகின் தலைசிறந்த நோக்குநர்களில் ஒருவர். பாலொமார் மலையின் 18 அங்குல ஷ்மிட் தொலைநோக்கியில் எடுத்த படங்களை வைத்து இருவரும் 1947இல் மங்கலான நீல விண்மீன்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார்கள். ஐம்பதைக்கூட எட்டாத குட்டிப் பட்டியல். அதில் நான்காவதாக இருக்கும் எச்.இசட். 4 என்ற பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பதினைந்து வருடம் கழித்து மெக்சிகோவின் கியெர்மோ ஹாரோவும் லைட்டனும் பால்வீதியின் தென் துருவத் திசையில் 8,746 நீலப் பொருள்களை அடுக்கிவிட்டார்கள். ஹாரோவின் உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே தகட்டில் மூன்று முறை வெளிச்சம் பாய்ச்சுவது: மஞ்சள், நீலம், புற ஊதா என்று மூன்று வடிகட்டிகள் வழியே, ஒவ்வொரு முறையும் தொலைநோக்கியை ஒரு மயிரிழை நகர்த்தி. ஒவ்வொரு விண்மீனும் பக்கத்துப் பக்கத்தில் மூன்று புள்ளிகளாக விழும். சாதாரண விண்மீனுக்குப் புற ஊதாப் புள்ளி சோனியாக இருக்கும். அது மற்ற இரண்டையும் விடத் தடித்திருந்தால் வட்டம் போட்டு வைக்க வேண்டியதுதான். எந்தக் கணக்கும் தேவையில்லை, உருப்பெருக்கியும் பொறுமையும் போதும்.

அப்புறம்தான் வம்பு வந்தது. 1960களில் குவேசார்கள் தெரியவந்தன. கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் விண்மீன் மண்டலங்களின் பளிச்சிடும் மையங்கள், ஆனால் படத்தில் பார்த்தால் மங்கலான நீலப் புள்ளி. வெள்ளைக் குள்ளனும் மங்கலான நீலப் புள்ளி. ஆலன் சாண்டேஜ் 1965இல் இந்த நீலக் கூட்டத்தின் மங்கலான பகுதியில் பெரும்பாலானவை விண்மீன்களே இல்லை, தொலைதூரப் பொருள்கள் என்று அறிவித்தார். மற்றவர்கள் நிறமாலை எடுத்துப் பார்த்தால் பலவும் நம் பால்வீதியின் சொந்தச் சரக்கு. பக்கத்து வீட்டுப் பொருளா, பிரபஞ்சத்தின் மறுகோடியா என்றே நிறத்தால் சொல்ல முடியாத நிலை.

இதைச் சலித்துப் பிரித்த பெரிய வேலை பாலொமார்–கிரீன் சர்வே. ரிச்சர்டு கிரீன், மார்ட்டன் ஷ்மிட், ஜேம்ஸ் லீபர்ட் மூவரும் 1986இல் வெளியிட்டது. 10,714 சதுர பாகை வானம், அதாவது மொத்த வானத்தில் கால்வாசிக்கும் மேல். புற ஊதா தூக்கலான 1,874 பொருள்கள். அவை என்ன வகை என்று நிறமாலையை வைத்துச் சொல்லியிருந்தார்கள். குவேசார்கள் சிறுபான்மை, வெள்ளைக் குள்ளன்கள் கணிசம், மிகப் பெரிய கூட்டம் வெப்பத் துணைக்குள்ளன்கள்.

இந்தத் துணைக்குள்ளன்களைப் பற்றித் தமிழில் யாரும் எழுதுவதே இல்லை, அதனால் கொஞ்சம். செம்பெருமீனாக ஊதியிருக்கும் விண்மீனின் ஹைட்ரஜன் மேலுறையைப் பெரும்பாலும் ஜோடி விண்மீன் உருவிக்கொண்டு போய்விடும். உள்ளே ஹீலியம் எரியும் உள்ளகம் மட்டும் அம்மணமாக நிற்கும். எடை சூரியனில் பாதிக்குச் சற்றுக் குறைவு, பல சமயம் 0.47க்குப் பக்கத்தில். வெப்பம் 20,000 முதல் 40,000 கெல்வின், சிலவற்றில் இன்னும் மேலே. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இவை சூரியனைப் போலத்தான் பிரகாசம், ஆனால் நீலம். வெள்ளைக் குள்ளனாக ஆவதற்கு முந்தைய ஒரு குறுக்கு வழி என்று வைத்துக்கொள்ளலாம். பாட்ஸ்டாம் பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபன் கையரும் அவர் கூட்டாளிகளும் இவற்றுக்கென்றே தனிப் பட்டியல் நடத்துகிறார்கள். 2022 பதிப்பில் நிறமாலையால் உறுதியானவை 6,616. வேட்பாளர்கள் 61,585. பார்த்தீர்களா, இங்கேயும் அதே கதை: உறுதி கொஞ்சம், சந்தேகம் ஏராளம்.

நிறமாலை எடுத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். வெள்ளைக் குள்ளனின் நிறமாலையை ஒருமுறை பார்த்தால் மறக்காது. மேற்பரப்பில் ஈர்ப்பு பூமியைப் போல லட்சம் மடங்கு, அந்த அழுத்தத்தில், பெரும்பாலானவற்றில், ஹைட்ரஜன் ஒளியை விழுங்கிய இடங்களான பால்மர் கோடுகள் நசுங்கி அகன்று பள்ளத்தாக்குகளாகக் கிடக்கும். குவேசாரில் இந்தப் பள்ளம் இருக்காது, மாறாக மேடு இருக்கும். துணைக்குள்ளனில் பள்ளம் இருக்கும், ஆனால் இவ்வளவு அகலம் இருக்காது. பிரச்சினை என்னவென்றால் நிறமாலை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், பெரிய தொலைநோக்கியில் நேரம் கிடைக்க வேண்டும். 1999இல் மக்குக்கும் சையனும் வெளியிட்ட பட்டியலில் அதுவரை உலகம் முழுக்க நிறமாலையால் உறுதிசெய்த வெள்ளைக் குள்ளன்கள் மொத்தம் 2,249. ஏறக்குறைய தொண்ணூறு வருட உழைப்பு அது.

அதை உடைத்தது ஸ்லோன் சர்வே. நியூ மெக்சிகோவின் அப்பாச்சி பாயின்ட்டில் 2.5 மீட்டர் தொலைநோக்கி. ஏறக்குறைய 80 செ.மீ. அகலமுள்ள அலுமினியத் தட்டு, அதில் எந்தெந்த இடத்தில் விண்மீன் விழுமோ அங்கே துளை, மொத்தம் 640. அந்நாளில் பகலில் ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொரு துளையிலும் ஒரு ஒளியிழையைக் கையால் செருகுவார்கள். இரவில் 640 நிறமாலைகள் ஒரே நேரத்தில் வந்து விழும். அடுத்த தட்டு, அடுத்த 640.

இதில் எனக்குச் சிரிப்பு வரும் விஷயம் ஒன்று. ஸ்லோன் சர்வேயின் பெரும் இலக்கு விண்மீன்களே கிடையாது. விண்மீன் மண்டலங்களும் குவேசார்களும்தான். வெள்ளைக் குள்ளன்களில் ஏராளமானவை குவேசார் என்று நினைத்துத் துளை போட்டு, இது நாம் கேட்டதில்லையே என்று ஒதுக்கப்பட்டவை. அந்தக் கழிவைக் கிளறியவர்களுக்குப் புதையல். 2006இல் ஐசன்ஸ்டைன் குழுவின் பட்டியலில் 9,316 வெள்ளைக் குள்ளன்கள், கூடவே 928 துணைக்குள்ளன்கள். அதில் ஏறக்குறைய 6,000 புதியவை. கணினி வடிகட்டியதோடு விடாமல் கண்ணாலும் பார்த்துச் சரிபார்த்திருக்கிறார்கள்.

இவ்வளவு இருந்தும் மிகச் சூடானவை கைக்குள் அடங்கவில்லை. காரணம் இயற்பியலில் இருக்கிறது. கொல்லன் பட்டறையில் இரும்பு காயும்போது சிவந்து, மஞ்சளாகி, வெளுக்கும்வரைக்கும் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடலாம். வெளுத்த பிறகு இன்னும் எவ்வளவு காய்ந்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் மங்கிக்கொண்டே போகும். விண்மீனுக்கும் அதேதான். 60,000 கெல்வின் பொருள் தன் ஒளியை உச்சமாக உமிழ்வது 48 நானோமீட்டரில். தரையிலிருந்து பார்க்கும் நம் வடிகட்டிகள் இருப்பது 300க்கு மேலே. அங்கே நமக்குக் கிடைப்பது அந்த மலையின் தொலைதூரச் சரிவு மட்டும், அந்தச் சரிவு 50,000 கெல்வினிலும் ஒரு லட்சம் கெல்வினிலும் கிட்டத்தட்ட ஒரே சாய்வு. போதாக்குறைக்கு நடுவில் இருக்கும் தூசி எல்லாவற்றையும் கொஞ்சம் சிவப்பாக்கிக் காட்டும். அந்தச் சிவப்பும், உண்மையான வெப்ப வித்தியாசமும் ஒன்றோடொன்று குழம்பும்.

வெளியேறும் வழி புற ஊதா. அதன் பெரும்பகுதியைக் காற்று மண்டலம் தடுப்பதால் மேலே போயாக வேண்டும். 2003இல் நாசா ஏவிய கேலெக்ஸ் என்ற சின்ன விண்கலம் வானத்தின் பெரும்பகுதியை இரண்டு புற ஊதாப் பட்டைகளில் படமெடுத்தது. லூசியானா பியாங்கி குழு 2011இல் இதை ஸ்லோன் தரவோடு பொருத்தி, சுமார் 18,000 கெல்வினுக்கு மேலான பொருள்களாக மேலோட்டமான சர்வேயிலிருந்து 28,319, ஆழமான சர்வேயிலிருந்து 9,028 பிரித்தெடுத்தது. கேலெக்ஸின் இரண்டு பட்டைகளுக்கு இடையிலான நிறம் தூசியால் பெரிதாக மாறுவதில்லை. பால்வீதியின் தூசி 217 நானோமீட்டருக்குப் பக்கத்தில் கூடுதலாக விழுங்கும், அது இரண்டாவது பட்டைக்குள் விழுகிறது. அதனால் இரண்டு பட்டையும் ஏறக்குறைய சமமாக இழக்கின்றன, கழித்துப் பார்க்கும்போது தூசி காணாமல் போய்விடுகிறது. யாரோ திட்டமிட்டுச் செய்ததா, அதிர்ஷ்டமா, எப்படியிருந்தாலும் அழகு.

சரி, கையாவுக்கு வருவோம். 2013 டிசம்பரில் ஏவிய ஐரோப்பிய விண்கலம், 2025 ஜனவரிவரை விடாமல் அளந்தது. நூற்றெண்பது கோடி பொருள்களின் இடம், பெரும்பாலானவற்றுக்கு இடமாறு தோற்றமும், அதாவது பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் இடம் மாறித் தெரியும் சிறு கோணமும். இடமாறு தோற்றம் கிடைத்தால் தூரம் கிடைக்கும், தூரம் கிடைத்தால் உண்மைப் பிரகாசம் கிடைக்கும். குவேசார் குழப்பம் அங்கேயே காலி.

ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். ஜி191-பி2பி என்ற வெள்ளைக் குள்ளன், ஒட்டகச்சிவிங்கி விண்மீன் குழுவில். வெப்பம் 60,000 கெல்வின் அளவில், பிரகாச எண் 11.8 (இந்த எண் கூடக் கூட மங்கல்). இந்த நிறத்தில் சாதாரண விண்மீன் என்றால் அது ஒரு ராட்சத ஓ வகை, அதன் தனிப் பிரகாச எண், அதாவது 10 பார்செக் தூரத்தில் வைத்தால் தெரியும் பிரகாசம், –4 என்று வைத்துக்கொள்வோம் (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு). அப்படியானால் 11.8ஆகத் தெரிய அது 14,000 பார்செக்குக்கு மேல் தள்ளி, பால்வீதித் தட்டின் விளிம்புக்கும் வெளியே இருக்க வேண்டும். இடமாறு தோற்றம் சொல்லும் தூரமோ 52 பார்செக் சுமார். தனிப் பிரகாச எண் 8ஐத் தாண்டுகிறது. பன்னிரண்டு எண் வித்தியாசம் என்றால் அறுபதாயிரம் மடங்கு மங்கல். நிறமாலையே வேண்டாம், ஒரு கழித்தல் கணக்கில் வழக்கு முடிந்துவிட்டது.

இதையே கோடிக்கணக்கில் செய்து, நிறம் ஓர் அச்சிலும் தனிப் பிரகாசம் மற்ற அச்சிலும் வைத்துப் புள்ளி போட்டால் வெள்ளைக் குள்ளன்கள் கீழே தனி ஆறாக ஓடுவது தெரியும். டாப்கேட் என்ற இலவச மென்பொருளில் நீங்களே போடலாம். ஆற்றின் நடுவில் இருப்பவற்றில் சந்தேகமில்லை. கரையோரத்தில்தான் தகராறு. அங்கே வரம்பு போட ஜென்டில் ஃபுசில்லோ குழு ஸ்லோனிடம் போனது: நிறமாலையால் ஏற்கெனவே உறுதியான வெள்ளைக் குள்ளன்களும் போலிகளும் இந்த வரைபடத்தில் எங்கெங்கே அடர்ந்திருக்கின்றன என்று பார்த்து, அதை வைத்தே ஒவ்வொரு புதுப் புள்ளிக்கும் மதிப்பெண் போட்டது. குவேசார் வேட்டையின் கழிவில் கிடைத்த பட்டியல், நூற்றெண்பது கோடிக்கு வாத்தியார் ஆன கதை இது.

அப்படியானால் குறைந்த மதிப்பெண் வாங்கிய ஒன்பது லட்சம்? பெரும்பகுதி குப்பைதான். விண்மீன் நெரிசலில் அளவு பிசகிய சாதாரண விண்மீன்கள் அதில் நிறைய. ஆனால் எல்லாம் இல்லை. கணக்கைப் பாருங்கள். பிரகாச எண் 20இல் கையாவின் இடமாறு தோற்றப் பிழை அரை மில்லி வில்நொடி (ஒரு பாகையை 36 லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் மில்லி வில்நொடி). ஆறிப்போன ஒரு வெள்ளைக் குள்ளன், தனிப் பிரகாச எண் 14, அந்த மங்கலில் தெரிகிறது என்றால் அது 160 பார்செக்கில் இருக்கிறது. இடமாறு தோற்றம் 6.3, பிழை 0.5. பிரமாதம். கொதிக்கும் ஒன்று, தனிப் பிரகாச எண் 9, அதே மங்கலில் தெரிகிறது என்றால் அது 1,600 பார்செக்கில் இருக்கிறது. இடமாறு தோற்றம் 0.63, பிழை அதே 0.5. தூரம் தெரிந்த மாதிரியே இல்லை. சூடாக இருப்பதாலேயே தொலைவிலிருந்தும் தெரிகிறது, தொலைவில் இருப்பதாலேயே மதிப்பெண் இழக்கிறது. அந்த ஒன்பது லட்சத்தைத் துடைத்திருந்தால் எதைத் தேடுகிறோமோ அதையும் சேர்த்துத் துடைத்திருப்போம். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இந்த ஒரு நெடுவரிசையைக் கொஞ்சம் படிக்கலாம்.

பட்டியலுக்கே வராதவையும் உண்டு. பளிச்சென்ற ஜோடியின் வெளிச்சத்தில் மூழ்கிக் கிடப்பவை. இவற்றுக்குப் புற ஊதாதான் மருந்து, ஜோடி அங்கே மங்கி இது மேலே வரும். 2015இல் இஸ்ரோ ஏவிய ஆஸ்ட்ரோசாட்டில் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம் முன்னின்று உருவாக்கிய யுவிட் என்ற புற ஊதாத் தொலைநோக்கி இருக்கிறது. கேலெக்ஸை விடக் கூர்மையான படம். அது முதன்முதலில் பார்த்த இலக்குகளில் ஒன்றான என்.ஜி.சி. 188 விண்மீன் கொத்தில், ஒரு நீல விண்மீனுக்குப் பக்கத்தில் ஒளிந்திருந்த சூடான துணையை அன்னபூரணி சுப்பிரமணியம் குழு 2016இல் பிடித்தது.

யுவிட் தருகிற எண்களை எதை வைத்து நம்புவது? பிரகாசம் முன்கூட்டியே துல்லியமாகத் தெரிந்த ஒரு விண்மீனைக் காட்டி ஒப்பிட வேண்டும். மேற்பரப்பில் ஏறக்குறைய ஹைட்ரஜன் மட்டுமே உள்ள சூடான வெள்ளைக் குள்ளனின் ஒளியைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம் என்பதால் ஹப்பிள் தொலைநோக்கிக்கும் இவைதான் அளவுகோல். மேலே பார்த்த ஜி191-பி2பி அவற்றில் ஒன்று. யுவிட் குழு தேர்ந்தெடுத்தது எச்.இசட். 4. முன்னாள் கழுதை ஓட்டியும் ஸ்விக்கியும் 1947இல் வட்டம் போட்ட அதே புள்ளி.

நீங்களும் பார்க்க ஆசைப்பட்டால்: கோப்பு, வானியல் பட்டியல்களைச் சேர்த்து வைத்திருக்கும் விசியர் தளத்தில் இருக்கிறது. முழுதையும் இறக்க வேண்டாம், இடமாறு தோற்றம் 10 மில்லி வில்நொடிக்கு மேல் என்று கேளுங்கள், 100 பார்செக்குக்குள் இருப்பவை மட்டும் வரும், சாதாரண மடிக்கணினி தாங்கும். வந்ததை வரைபடத்தில் போட்டு, அந்த வெள்ளைக் குள்ளன் ஆறு தெளிவாகத் தெரிந்த பிறகு வரம்பைத் தளர்த்தி, மதிப்பெண் 0.75க்குக் கீழே, நிறம் மிக நீலம் என்று கேட்டு, வந்ததைக் கேலெக்ஸ் பட்டியலோடு பொருத்திப் பாருங்கள். கையாவின் நான்காவது தரவு வெளியீட்டை 2026 டிசம்பருக்குத் திட்டமிட்டிருக்கிறார்கள். அதில் பிழை குறையும். இப்போதே ஒரு பட்டியல் எடுத்து வைத்துக்கொண்டால், எது எது மேலே ஏறியது என்று அப்போது ஒப்பிட வசதியாக இருக்கும்.